அம்புமுனை எனப்பட்ட கற்கள்: பெயரீடு, இனங்காணல், தொகுப்பு – ஒரு வரலாற்று நோக்கு

1. முன்னுரை

பண்டைக் கற்கருவிகளுள் பொதுமக்கள் மிக எளிதில் இனங்கண்டுகொள்வது அம்புமுனையாகும். உலகின் பல பகுதிகளில் உழவர்களும் மேய்ப்பர்களும் பொழுதுபோக்காகத் தேடுவோரும் அதனைப் பொறுக்கி எடுத்துப் போற்றி வந்துள்ளனர். ஆங்கிலத்தில் 'ஆரோஹெட்' என்று வழங்கும் சொல், தமிழில் 'அம்புமுனை', 'அம்புத்தலை', 'அம்பு நுனி' எனப் பலவாறு பெயர்க்கப்படுகிறது. பெயர் எதுவாயினும், ஒரு சிறு கல்லை அதனால் அழைக்கும்போது மூன்று கூற்றுகள் ஒருங்கே சொல்லப்பட்டுவிடுகின்றன. அக்கல் இயற்கையாக உடைந்ததன்று, மனிதர் செய்தது என்பது முதற்கூற்று. அது ஒரு கோலின் நுனியில் பொருத்தப்பட்டிருந்தது என்பது இரண்டாவது. அக்கோல் வில்லிலிருந்து எய்யப்பட்டது என்பது மூன்றாவது. இம்மூன்றும் தனித்தனியே நிறுவப்பட வேண்டியவை. கல்லை மட்டும் கையில் வைத்துக்கொண்டு முதற்கூற்றைப் பெரும்பாலும் நிறுவிவிடலாம். இரண்டாவதைச் சில வேளைகளில் நிறுவலாம். மூன்றாவதை நிறுவுவது அரிது.

இக்கூற்றுகள் வரலாற்றில் எவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கப்பட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வரலாறு மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரியதாவதற்கு இரு காரணங்கள் உண்டு. இக்கற்களைச் சரியாக இனங்கண்ட தொடக்கக்கால அறிஞர்களுள் ஒருவர் ஒப்பியல் மொழி ஆய்வின் முன்னோடியாவார். மேலும், கல்லின் வடிவத்திலிருந்து இனத்தையும் இனத்திலிருந்து மொழியையும் உய்த்துணரும் போக்கு இன்றும் வழக்கில் உள்ளது. அது எந்த அளவுக்கு ஏற்புடையது என்னும் வினாவிற்கு இவ்வரலாறே விடை தருகிறது.

2. வானிலிருந்து வீழ்ந்த கல்

கல்லால் கருவி செய்யும் வழக்கம் மறைந்துபோன நாடுகளில், நிலத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு மனிதரல்லாத மூலம் ஒன்று கற்பிக்கப்பட்டது. கிரேக்க மொழியில் 'கெரௌனோஸ்' என்பது இடியேற்றைக் குறிக்கும். அதனடியாகப் பிறந்த 'கெரௌனியா' என்னும் இலத்தீன் சொல் ஐரோப்பியக் கல்லியல் நூல்களில் 'இடிக்கல்' என்னும் பொருளில் வழங்கியது. கல்கோடரிகளும் கல்முனைகளும் இப்பெயரில் அடங்கின. இந்தியாவிலும் இதனை ஒத்த மனப்பாங்கு காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வட இந்தியாவின் பாந்தா மாவட்டத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் மெருகேற்றிய கல்கோடரிகளைத் தேடிய ஆங்கில அலுவலர்கள், அவை அரசமரத்தடிகளில் மகாதேவனாக வழிபடப்படுவதைக் கண்டனர்.

வத்திக்கான் தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த மிக்கேலே மெர்க்காட்டி (1541–1593) இக்கருத்தை மறுத்தார். இரும்பின் பயன் அறியப்படாத காலத்தில் போருக்காகத் தீக்கல்லிலிருந்து தட்டிச் செதுக்கப்பட்டவையே இம்முக்கோணக் கற்கள் என்று அவர் எழுதினார். அவரது நூலாகிய 'மெட்டலோதேக்கா' அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தபின், 1717இல்தான் அச்சேறியது. 1723இல் அந்துவான் த ஜுஸ்யூ, பாரிசு அறிவியல் கழகத்தில் படித்த கட்டுரையில், இடிக்கற்களைக் கரீபியத் தீவுகளிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கற்கருவிகளோடு ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்தார்.

ஸ்காட்லாந்தில் இந்நம்பிக்கை வேறு வடிவம் கொண்டது. அங்கே வயல்களில் கிடைத்த தீக்கல் முனைகள் 'எல்ஃப்' என்னும் கண்ணுக்குப் புலனாகாத இனத்தார் மனிதர் மீதும் கால்நடைகள் மீதும் எய்த அம்புகள் எனக் கொள்ளப்பட்டன. (இவ்வினப்பெயரைத் தமிழில் 'குறளி' என்றோ 'குட்டிச்சாத்தான்' என்றோ பெயர்ப்பின், மூலத்தில் இல்லாத ஏவல், மாந்திரிகம் ஆகிய பொருள்கள் வந்து சேரும். ஆதலின் ஈண்டுப் பெயர் அவ்வாறே ஆளப்படுகிறது.) 1662இல் ஆல்டர்ன் என்னும் ஊரில் சூனியக் குற்றத்திற்காக விசாரிக்கப்பட்ட இசபெல் கௌடி என்பவரின் வாக்குமூலத்தில், சாத்தான் தன் கையால் அம்புமுனையை வடித்துக் கொடுக்க, எல்ஃப் சிறுவர்கள் கோணியூசி போன்ற கூரிய பொருளால் அதனைச் செப்பமிட்டதாகச் செய்தி உள்ளது. முதலில் வடிவு கொடுத்துப் பின்னர்க் கூர்ங்கருவியால் விளிம்பைச் செப்பமிடுதல் என்னும் இருபடி முறை, கற்கருவி செய்வோர் உண்மையில் கையாளும் முறையை ஒத்திருப்பது வியப்பிற்குரியது.

இந்நம்பிக்கைக்கும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றிற்கும் இடையே கற்பிக்கப்பட்ட தொடர்பு தனியே நோக்கத்தக்கது. ஏறத்தாழ கி.பி. 1000ஐச் சார்ந்த கையெழுத்துச் சுவடி ஒன்றில், திடீர்க் குத்துவலியைத் தீர்க்கும் மந்திரம் காணப்படுகிறது. அதில் வரும் 'இல்வ யெஸ்காட்' என்னும் தொடர் 'எல்ஃப் இனத்தார் எய்தது' என விளக்கப்பட்டு, கல்முனைகள் பற்றிய நம்பிக்கை அத்துணைப் பழமையுடையது என்பதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது. ஆனால் அம்மந்திரம் கூறும் படைக்கலங்கள் கொல்லர் அடித்தவை. உடலுள் தைத்ததாகச் சொல்லப்படுவதும் இரும்பே. கல் பற்றிய பேச்சு அதில் இல்லை. இத்தகைய பழைய மருத்துவச் சொற்களைக் கல்முனைகளோடு இணைத்தது பிற்கால நம்பிக்கையை முற்கால நூலின்மேல் ஏற்றியதன் விளைவு என்று அலரிக் ஹால் தம் ஆய்வுகளில் காட்டியுள்ளார். சொல் பழையது என்பதனால் அச்சொல்லுக்குப் பின்னாளில் ஏற்பட்ட பொருளும் பழையதாகிவிடாது.

3. லூயிட்டின் ஒப்பீட்டு முறை

வேல்சு நாட்டினரான எட்வர்ட் லூயிட் (1660–1709) ஆக்சுபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் இரண்டாம் காப்பாளர். 1697 முதல் 1701 வரை வேல்சு, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, கார்ன்வால், பிரித்தானி ஆகிய பகுதிகளில் பயணம் செய்து சொற்களையும் சுவடிகளையும் கற்களையும் தாவரங்களையும் ஒருசேரத் தொகுத்தார். 1707இல் வெளிவந்த அவரது 'ஆர்க்கியோலாஜியா பிரிட்டானிக்கா' வேல்சு, கார்ன்வால், பிரெத்தோன், ஐரிசு மொழிகளின் சொற்களை நிரல்பட வைத்து, அவற்றிடையே முறையான ஒலி ஒப்புமைகள் இருப்பதைக் காட்டியது. கெல்டிக் மொழிகளின் ஒப்பாய்வு இந்நூலிலிருந்து தொடங்குகிறது எனலாம்.

இப்பயணத்தின்போது ஸ்காட்லாந்தில் அவருக்கு 'எல்ஃப் அம்புகள்' காட்டப்பட்டன. மக்கள் அவற்றைத் தாயத்தாக வைத்திருந்தனர். வானிலிருந்து வீழ்ந்தவை என்றும் சொல்லினர். 1699ஆம் ஆண்டின் இறுதியில் லின்லித்கோவிலிருந்து எழுதிய மடலில் லூயிட், நியூ இங்கிலாந்துப் பகுதியின் பழங்குடியினர் அந்நாளிலும் தம் அம்புகளுக்குப் பொருத்தும் செதுக்கிய தீக்கற்களே இவை எனத் தெளிவாக எழுதினார்.

அவர் மொழியிலும் கல்லிலும் கையாண்ட முறை ஒன்றே என்பது குறிப்பிடத்தக்கது. தனியே நோக்கின் விளங்காத ஒரு வடிவம், பயன்பாடு அறியப்பட்ட பிறிதொரு வடிவத்தோடு ஒப்பிடும்போது விளக்கம் பெறுகிறது. எனினும் இரு ஒப்பீடுகளும் தரும் முடிவுகள் வேறானவை. வேல்சுச் சொல்லும் ஐரிசுச் சொல்லும் முறையான ஒலி ஒப்புமை உடையனவாயின் அவை ஒரு மூலத்திலிருந்து வந்தவை. ஸ்காட்லாந்துக் கல்முனையும் அமெரிக்கக் கல்முனையும் ஒத்திருப்பது அவற்றைச் செய்தோர் ஒரே மரபினர் என்பதைக் காட்டாது. ஒரே பணிக்காக ஒரே தன்மையுடைய கல்லை மனிதர் தனித்தனியே ஒரே வகையில் செதுக்க முடியும். சொல்லின் ஒலிக்கும் பொருளுக்கும் இடையே இயற்கைத் தொடர்பு இல்லாமையால்தான் மொழியில் ஒப்புமை உறவுக்குச் சான்றாகிறது. கருவியிலோ வடிவமும் பயனும் இயற்கையாகவே பிணைந்துள்ளன. ஆதலின் ஒப்புமை பயனுக்குச் சான்றாகுமேயன்றி உறவுக்கு எளிதில் சான்றாகாது.

4. சொல்லின் காலமும் பொருளின் காலமும்

லூயிட் ஆராய்ந்த மொழிகளே இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகின்றன. அம்பைக் குறிக்கும் வேல்சுச் சொல்லாகிய 'சைத்', பழைய ஐரிசுச் சொல்லாகிய 'சைகெத்' ஆகிய இரண்டும் 'சகித்தா' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து கடன்பெற்றவை. சொல்லை மட்டும் கொண்டு முடிவு செய்தால், அம்பு அந்நாடுகளுக்கு உரோமானியர் வழியாக வந்தது என்று கொள்ள நேரும். ஆனால் அதே மண்ணில் கிடைக்கும் இலைவடிவத் தீக்கல் முனைகள் புதிய கற்காலத்தையும், காம்பும் பின்முள்ளும் உடைய முனைகள் வெண்கலக் காலத் தொடக்கத்தையும் சார்ந்தவை. உரோமானியர் வருகைக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவை. அவற்றைச் செய்தோர் பேசிய மொழியோ, அம்புக்கு அவர்கள் வைத்த பெயரோ இன்று அறியக்கூடியன அல்ல. கடன்சொல் இருப்பது பொருளும் கடனாக வந்தது என்பதற்குப் போதிய சான்றன்று.

திராவிட மொழிகளில் நிலைமை வேறு. தமிழ், மலையாளம் 'அம்பு', கன்னடம் 'அம்பு', தெலுங்கு 'அம்மு' ஆகியவை இனச்சொற்கள். எய்தல் தொழிலைக் குறிக்கும் தமிழ் 'எய்', மலையாளம் 'எய்யுக', தெலுங்கு 'ஏயு' ஆகியவையும் அவ்வாறே. இவற்றிலிருந்து, இம்மொழிகள் பிரியும் முன்னரே பேசுவோர் அம்பை அறிந்திருந்தனர் எனக் கொள்வது பொருந்தும். அவ்வம்பின் முனை கல்லா, எலும்பா, மரமா, இரும்பா என்பதை இச்சொற்கள் சொல்லமாட்டா. ஆதலின் இந்நிலப்பகுதியில் கிடைக்கும் கல்முனை ஒன்றைச் சுட்டி, 'அம்பு' என்னும் சொல்லைப் பேசியோர் செய்தது இது என்று கூறுவதற்குச் சொல்வரலாறு துணை நிற்பதில்லை.

5. இனங்காணும் அளவைகள்

ஒரு கல் மனிதரால் செதுக்கப்பட்டதா என்பதை அறியச் சில அடையாளங்கள் உள்ளன. தீக்கல், கருங்கண்ணாடிக் கல் எனப்படும் அப்சீடியன், சர்ட், அகேட் போன்ற நுண்மணிக் கற்கள் அடிபட்டால் சிப்பியின் உட்புறம் போல வளைந்து பிளவுறும். அடி விழுந்த தளம், அதன்கீழ்க் குமிழ் போன்ற புடைப்பு, அதிலிருந்து விரியும் அலைக்கோடுகள் ஆகியவை சில்லு பெயர்க்கப்பட்டதைக் காட்டும். முனையாகச் செய்யப்பட்ட கல்லில் இரு முகங்களிலும் வரிசையாகச் சில்லு பெயர்த்த வடுக்களும், கோலில் பொருந்துவதற்காக மெலிதாக்கப்பட்ட அடியும், கட்டுவதற்கான பக்கக் குதைகளும் காணப்படும். இயற்கையில் உருண்டு உடையும் கற்களில் இவ்வொழுங்கு இராது. நுனியில் மோதலால் ஏற்படும் முறிவு, அக்கல் எறியப்பட்டோ எய்யப்பட்டோ இலக்கில் பட்டதைக் காட்டவல்லது.

வில்லால் எய்ததா, கையால் எறிந்ததா என்பதே கடினமான வினா. வட அமெரிக்காவில் மக்கள் வழக்கில் 'அம்புமுனை' எனப்படும் கற்களுள் மிகப்பல வில் அங்கே பரவுவதற்கு முற்பட்டவை. கண்டத்தின் பெரும்பகுதியில் வில் கி.பி. முதல் ஆயிரத்தாண்டில்தான் பரவியது. அதற்குமுன் எறியீட்டிகளைக் கொக்கியுடைய சிறு கோலொன்றால் உந்தி எறிந்தனர். அக்கோலைக் குறிக்கும் 'அட்லாட்டில்' என்னும் பெயர் நவாட்டில் மொழியிலிருந்து தொல்லியல் வழக்கிற்கு வந்தது. 1978இல் டேவிட் ஹர்ஸ்ட் தாமஸ், அருங்காட்சியகங்களில் கோலோடு பொருந்திய நிலையிலேயே எஞ்சியிருந்த 132 அம்புகளையும் 10 எறியீட்டிகளையும் அளந்து ஒப்பிட்டார். எறியீட்டி முனைகள் பொதுவாகப் பெரியவை, அகலமானவை. எனினும் இரு வகையின் அளவுகளும் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று கவிந்தன. அளவு ஒரு நிகழ்தகவைத் தருமேயன்றி உறுதியைத் தராது.

மறுபுறம், அம்புமுனை போலத் தோன்றாத கற்கள் அம்புமுனைகளாக இருந்துள்ளன. தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் கிடைத்த, ஏறத்தாழ 64,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட பிறைவடிவப் படிகக்கல் துண்டுகளில் பசையின் எச்சமும் மோதல் தடயமும் இருப்பதை மார்லீஸ் லோம்பார்டும் லாரல் பிலிப்சனும் 2010இல் காட்டினர். அவை அம்புகளில் பொருத்தப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. இலங்கையின் ஃபாகியன் குகையிலிருந்து 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 48,000 ஆண்டுப் பழமையுடைய எலும்பு முனைகளை வில்லம்பு வேட்டைக்குச் சான்றாகக் காட்டியது. அங்கே அம்பு உண்டு. ஆனால் அதற்குச் சான்று கல்முனை அன்று. ஆகவே 'அம்பு போன்ற வடிவம்' என்பது அம்புக்குத் தேவையான அடையாளமும் அன்று, போதிய அடையாளமும் அன்று.

6. எடுக்கப்படாத முனை

இனங்காணலில் கல்லின் வடிவத்தைவிடக் கல் கிடந்த இடம் முதன்மையானது என்பதை ஃபோல்சம் நிகழ்ச்சி நிலைநாட்டியது. 1908 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஃபோல்சம் என்னும் ஊரருகே பெருவெள்ளம் ஏற்பட்டது. அடிமையாகப் பிறந்து, பின்னர் மாட்டுப்பண்ணை ஒன்றின் தலைமைப் பணியாளராக உயர்ந்த ஜார்ஜ் மெக்ஜன்கின், வெள்ளம் அரித்த ஓடைக்கரையில் ஆழத்தில் பேரெலும்புகள் தெரிவதைக் கண்டார். அவை அக்கால எருதுகளின் எலும்புகளைவிடப் பெரியவை என்பதையும், அவ்வாழத்தில் கிடப்பன மிகப் பழையனவாதல் வேண்டும் என்பதையும் உணர்ந்த அவர் பலரிடம் எடுத்துரைத்தார். 1922இல் அவர் மறையும்வரை எவரும் அகழ முன்வரவில்லை.

1926இல் டென்வரிலிருந்த கொலராடோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அங்கே அகழ்ந்தபோது கல்முனைகள் கிடைத்தன. ஆனால் அவை மண்ணிலிருந்து பெயர்ந்த நிலையில் இருந்தன. மேலிருந்து பிற்காலத்தில் விழுந்தவையாக இருக்கலாம் என்னும் ஐயத்திற்கு இடமிருந்தது. அமெரிக்காவில் மனிதர் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே குடியேறினர் எனக் கருதிவந்த அலேஷ் ஹர்ட்லிச்கா, இனி முனை கிடைத்தால் எடுக்காமல் விட்டுப் பிறரை அழைத்துக் காட்டுமாறு அருங்காட்சியக இயக்குநர் ஜெஸ்ஸி ஃபிகின்சுக்கு அறிவுரை கூறினார். 1927 ஆகஸ்ட் இறுதியில், அழிந்துபோன பேரெருது ஒன்றின் விலா எலும்புகளிடையே முனை ஒன்று தென்பட்டது. அது எடுக்கப்படவில்லை. தந்தி வழியாக அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். பார்னம் பிரௌன், பிராங்க் ராபர்ட்ஸ், ஆல்பிரெட் கிடர் ஆகியோர் நேரில் வந்து கண்டு ஒப்பினர். பிற்கால முறைகள் அவ்வேட்டையின் காலத்தை ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முற்பட்டதாகக் கணித்துள்ளன.

முந்திய ஆண்டில் கிடைத்த முனைகளும் அதே வடிவின, அதே கையினரால் செய்யப்பட்டவை. அவை ஐயத்திற்கு உள்ளாயின, இது சான்றாயிற்று. வேறுபாடு கல்லில் இல்லை, கிடந்த நிலையில் இருந்தது. அம்முனைகள் இலக்கியத்தில் 'ஃபோல்சம் முனைகள்' என வழங்குகின்றனவேயன்றி 'ஃபோல்சம் அம்புமுனைகள்' என வழங்குவதில்லை என்பதும் கருதத்தக்கது. அவை அம்பில் பொருத்தப்பட்டவை அல்ல, ஈட்டியில் பொருத்தப்பட்டவை.

7. இஷி: வடிவமும் மொழியும்

1911 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் ஓரோவில் அருகே, குடியேறிகளின் தாக்குதல்களால் அழிந்த யாஹி இனத்தின் எஞ்சிய ஒருவர் தனியராக வெளிப்பட்டார். அவரது மொழியை அறிந்தவர் அங்கே எவரும் இலர். மானிடவியலார் டி. டி. வாட்டர்மன் யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றைக் கொண்டுசென்று சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார். பைன் மரத்தைக் குறிக்கும் 'சிவினி' என்னும் சொல்லைச் சொல்லி, கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டிக் காட்டியபோது இருவருக்கும் இடையே முதற்பொருள் விளங்கியது. தம் இயற்பெயரைச் சொல்லாத அவருக்கு, யானா மொழியில் 'மனிதன்' எனப் பொருள்படும் 'இஷி' என்பதே பெயராயிற்று. ஆல்பிரெட் குரோபரின் பொறுப்பில் சான்பிரான்சிசுகோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த இஷியிடமிருந்து, யானா மொழியை முன்னரே ஆராய்ந்திருந்த எட்வர்ட் சபீர் 1915 கோடையில் யாஹிப் பனுவல்களைப் பதிவு செய்தார். இஷி 1916 மார்ச் 25இல் காசநோயால் மறைந்தார்.

அருங்காட்சியகத்தில் இஷி பார்வையாளர் முன்னிலையில் அப்சீடியனிலிருந்தும் புட்டிக் கண்ணாடியிலிருந்தும் அம்புமுனைகளைச் செய்து காட்டினார். செய்தவர் யார், அவர் பேசிய மொழி எது, வில்லில் அவர் அதனை எவ்வாறு எய்தார் என்பன அனைத்தும் அறியப்பட்ட கல்முனைகள் உலகில் மிகச் சிலவே. இவை அவற்றுள் அடங்கும். 1990களில் ஸ்டீவன் ஷாக்லி இம்முனைகளை யாஹி வாழிடங்களில் கிடைத்த பழைய முனைகளோடு ஒப்பிட்டார். யாஹி முனைகள் குட்டையானவை, அடி நோக்கிக் குறுகும் காம்புடையவை. இஷி செய்தவையோ நீண்டவை, பக்கக் குதையும் உட்குழிந்த அடியும் உடையவை. அண்டைப் பகுதியின் நொம்லாக்கி, விந்து இனத்தார் செய்த முனைகளை ஒத்தவை. அவ்வினத்தாரின் மொழிகள் விந்துக் குடும்பத்தைச் சார்ந்தவை. யானாவோடு அவற்றிற்கு மரபுவழி உறவு நிறுவப்படவில்லை. இஷி இக்கலையை அவ்வினத்தைச் சார்ந்த உறவினரிடம் கற்றிருக்கலாம் என்பது ஷாக்லியின் கருத்து.

இஷியின் முனைகள் மண்ணில் புதைந்து, அவரைப் பற்றிய செய்தி எதுவும் எஞ்சாமல், ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் ஒருவர் கையில் கிடைத்திருக்குமாயின், அவற்றை விந்து மொழியினர் செய்தவை என்றே அவர் வகைப்படுத்தியிருப்பார். செய்தவரோ யாஹி கிளைமொழியை இயல்பாகப் பேசிய கடைசி மனிதர். திருமணம், கவர்ந்து செல்லல், அடைக்கலம், வாணிகம் ஆகியவற்றால் கைத்திறம் ஒரு வழியும் மொழி வேறு வழியும் செல்வது இயல்பு. கல்முனையின் எல்லையை மொழியின் எல்லையாக வரையும் நிலப்படங்களை நோக்கும்போது இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

8. தொகுப்பும் இழப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்புமுனைகளுக்கு ஏற்பட்ட விலை போலிகளைப் பெருக்கியது. இங்கிலாந்தின் யார்க்சயரைச் சார்ந்த எட்வர்ட் சிம்ப்சன், 'ஃபிளின்ட் ஜாக்' என்னும் பட்டப்பெயருடன் தீக்கல் முனைகளைச் செய்து தொகுப்பாளருக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்றார். 1862இல் இலண்டனில் நிலவியலார் கூட்டத்தின் முன் அவரே அவற்றைச் செய்து காட்டினார். பிரித்தானியக் கற்கருவிகளை வகைப்படுத்தி ஜான் எவான்ஸ் எழுதிய பெருநூல் 1872இல் வெளிவந்தது. வடிவத்தை மட்டும் நம்பிய வகைப்பாட்டிற்குப் போலி ஒரு நிலையான அச்சுறுத்தல். வடிவம் சரியாக இருப்பதே போலியின் நோக்கம். கிடைத்த இடமும் அடுக்கும் பதிவான கல்லில் இவ்வச்சம் மிகக் குறைவு.

இந்தியாவில் இரு தொகுப்புகளின் வரலாறு இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. ஆர்ச்சிபால்ட் கார்லைல் 1867 முதல் விந்திய மலைத்தொடரின் பாறை ஒதுக்கிடங்களில் நுண்கற்கருவிகளைப் பெருமளவில் சேகரித்தார். அவற்றைப் பற்றி அவரே விரிவான அறிக்கை எதனையும் வெளியிடவில்லை. கற்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து சென்றன. 1906இல் வின்சென்ட் ஸ்மித் எழுதிய கட்டுரையின் வாயிலாகவே அவரது பணியின் சுருக்கம் அறிஞர் உலகிற்கு எட்டியது. இராபர்ட் புரூஸ் ஃபூட், 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தது முதல் தாம் சேர்த்தவற்றைக் கிடைத்த இடவாரியாகப் பிரித்துப் போற்றினார். அத்தொகுப்பு 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அவர் மறைந்தபின் 1914இலும் 1916இலும் அதன் விளக்கப் பட்டியலும் குறிப்புகளும் வெளிவந்தன. பின்வந்தோர் அவ்விடங்களுக்குத் திரும்பிச் சென்று ஆய்வைத் தொடர அவை வழிகாட்டின. 1956இல் ஜொய்னரும் ஆல்ச்சினும் வெளியிட்ட திருநெல்வேலித் தேரி மணல்மேடுகளின் நுண்கற்கருவி ஆய்வு, அழுத்திச் செதுக்கிய முனைகளை மணலடுக்கின் உருவாக்கத்தோடு சேர்த்து நோக்கியமையால் காலக்கணிப்பு பற்றிய உரையாடலுக்கு இடந்தந்தது.

சட்டங்களும் 'அம்புமுனை' என்னும் பெயரால் பாதிக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் 1979ஆம் ஆண்டுத் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டம், பொதுநிலத்தில் தொல்பொருள் எடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. ஆயினும் நிலமேற்பரப்பில் கிடக்கும் 'அம்புமுனைகளை' எடுப்போருக்கு அத்தண்டனையிலிருந்து விலக்களித்தது. பிற விதிகள் தடுக்குமிடத்து அச்செயல் தடுக்கப்பட்டதே. எனினும், தொல்லியலார் ஈட்டி என்று கூறும் கல்லைக் கண்டெடுத்தவர் அம்புமுனை என்று கூறும் நிலையில், ஒரு பொதுவழக்குச் சொல் சட்டத்தில் நுழைந்ததன் விளைவை எளிதில் உணரலாம். ஸ்காட்லாந்தில் உரிமையாளரற்ற தொல்பொருள் யாவும் அரசுக்குரியவை. கல்முனையும் தெரிவிக்கப்பட வேண்டியதே. இந்தியாவில் நூறாண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருகின்றன.

9. தமிழில் பெயரீடு

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளருக்கு உரிய வினா எழுகிறது. வில்லா, ஈட்டியா எனத் துணியாத இடத்தில் ஆங்கிலத் தொல்லியலார் 'புரொஜெக்டைல் பாயிண்ட்' என்னும் தொடரை ஆள்கின்றனர். முன்னோக்கி எறிதலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்த இச்சொல் எய்தல், எறிதல் இரண்டையும் ஒருங்கே அடக்குகிறது. இதனைத் தமிழில் 'அம்புமுனை' என்று பெயர்த்தால், மூலநூலார் வேண்டுமென்றே சொல்லாது விட்டதை மொழிபெயர்ப்பாளர் சொன்னவராகிறார்.

தமிழில் இவ்வேறுபாட்டை வினைகளே தெளிவாகக் காட்டுகின்றன. அம்பை எய்கிறோம், வேலை எறிகிறோம், கைவிடாமல் பற்றிய ஈட்டியால் குத்துகிறோம். இம்மூன்று வினைகளும் மூன்று உந்துமுறைகளைப் பிரிக்கின்றன. ஆதலின் வில்லம்பு உறுதியான இடத்து 'எய்முனை' அல்லது 'அம்புமுனை' என்றும், கையால் அல்லது எறிகோலால் எறிந்த இடத்து 'எறிமுனை' என்றும், கைப்பிடி ஈட்டிக்குக் 'குத்துமுனை' என்றும் வழங்கலாம். உந்துமுறை துணியப்படாத இடத்து இம்மூன்றையும் தவிர்த்துக் 'கூர்முனை' என்பதே தகும். 'அம்புத்தலை' என்பது ஆங்கிலத்தின் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு. படைக்கலத்தின் வெட்டுவாயைக் குறிக்கும் 'அலகு' தமிழில் முன்னரே இருக்க, அதற்குத் தேவையில்லை. நுண்கற்கருவிகளுள் 'பிறைவடிவக் கருவி', 'முக்கோணக் கருவி' என வடிவத்தால் பெயரிடும் வழக்கம், பயனைப் பற்றி முன்முடிவு செய்யாமையால் பின்பற்றத்தக்கது.

10. முடிவுரை

நிலத்தில் கிடந்த கல்லுக்கு இடிக்கல், எல்ஃப் அம்பு, அம்புமுனை, கூர்முனை என்று அடுத்தடுத்து வந்த பெயர்கள் வெறும் சொல்மாற்றங்கள் அல்ல. ஒவ்வொரு பெயரும் அக்கல்லைச் செய்தவர் யார், எதற்காகச் செய்தார் என்பது பற்றிய கருத்தைத் தன்னுள் கொண்டிருந்தது. மெர்க்காட்டியும் லூயிட்டும் ஒப்பீட்டால் மனிதரை மீட்டனர். ஃபோல்சம் அகழாய்வு, கிடந்த நிலையே கல்லின் காலத்தைச் சொல்லும் என்று காட்டியது. இஷியின் கைவினை, வடிவத்திலிருந்து மொழிக்குச் செல்லும் பாதை உறுதியற்றது என்று காட்டியது.

கள ஆய்வில் சொல் தொகுக்கும் மொழியியலார்க்கு இவை புதியன அல்ல. சொன்னவர், ஊர், சூழல் ஆகியவை குறிக்கப்படாத சொற்பட்டியல் ஓரளவே பயன்படும். இடம் குறிக்கப்படாத கல்லும் அத்தகையதே. சொல்லையாவது, பேசுவோர் வாழும்வரை, மீண்டும் சென்று கேட்கலாம். பெயர்த்தெடுத்த கல்லை அதன் பழைய இடத்தில் மீண்டும் வைத்துக் காண இயலாது. கல்முனை ஒன்றைக் காண்போர் அதனைத் தொடும் முன் கிடக்கும் நிலையைப் படமெடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதும், அதனைப் பற்றி எழுதுவோர் சான்று அனுமதிக்கும் பெயரை மட்டும் வழங்குவதும் ஒரே ஒழுக்கத்தின் இரு பகுதிகள் ஆகும்.